தென்கிழக்கு, கொஞ்சம் கிழக்கே தூக்கலாக

படிவத்தில் ஆறாவது கட்டம்:
இணைப்பு பொருத்தப்படும் முகவரி.
கமருன்னிசா சிரித்தார்.
"நாளைக்கு எங்கேன்னு
இவருக்கே தெரியாது, எழுதிக்கோ."
டி.என். 24 என்று தொடங்கி
வண்டி எண்ணை எழுதினேன்.
கதவு எண்ணுக்கு நேரே:
பின்பக்கமாக ஏறவும்.

பர்கூரில் டயர் ரீட்ரெடிங் கடையை விற்று
ஏலத்தில் எடுத்த கல்லூரிப் பேருந்து.
மேலே நீலம் அடித்தாயிற்று,
சன்னல் விளிம்பில் இன்னும் மஞ்சள்.
இருக்கைகளைப் பிடுங்கிய இடத்தில்
ஒரு கட்டில், கேஸ் அடுப்பு, இரண்டு லாரி பேட்டரி,
சீட் பெல்ட் போட்டு இறுக்கிய தொலைக்காட்சி.
இருபத்தெட்டு வருடம்
அடுத்தவர் ஓடித் தேய்த்ததைத்
தடவிப் பார்த்த கை தஸ்தகீருக்கு.
இப்போது தன் டயரைத் தேய்க்கக் கிளம்பியிருக்கிறார்.

கிருஷ்ணகிரி அணைச் சாலை.
ஆனி மாதம், காய் இறக்கி முடித்த தோப்பு.
நல்ல நிழலாகப் பார்த்து நிறுத்தியிருந்தார்.
வினையே அதுதான்.

மாதப்பன் கூரையில் ஏறி
தட்டுக்குக் கால் ஊன்றினான்.
பேருந்தின் இரும்பைக் கண்டதும்
திசைகாட்டி முள்ளுக்குக் கிறுகிறுப்பு.
பத்தடி தள்ளிப் போய் நின்று கத்தினேன்:
தென்கிழக்கு, கொஞ்சம் கிழக்கே தூக்கலா!
நம்மூருக்கு அது உச்சிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.
சாய்வு நாற்காலியில் கிடப்பவனைப்போலத்
தட்டு மல்லாந்தால்தான் எட்டும்.
சையத் பாஷா மலை தன் பாட்டுக்குத் தாழ இருந்தது,
அது குறுக்கே வரவில்லை.
வந்தது ஒரு பெங்களூரா மரம்.

சிக்னல் தரம்: பூஜ்யம்.

"ஒரு கிளைதான், வெட்டிடவா?"
"தோப்பு உங்க அப்பனுதா?" என்றார் கமருன்னிசா.
நிழலா படமா, ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன்.
அவர் நிழல் என்றார்.
இவர் படம் என்றார்.
இடையில் பேசக்கூடாத வழக்கு என்று தெரிந்தது,
ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.
சொல்லாமல் கொள்ளாமல் வண்டி உறுமியது.
"ஆள் மேல இருக்கேன் சார்!"
நான்கு முழம் முன்னால் போய் நின்றது.
நின்ற இடத்துக்கு ஒரு கல் வைத்தார் தஸ்தகீர்.
பழைய இடத்துக்கும் ஒன்று.

ஒரு விரற்கடை திருப்பு. இன்னும் கொஞ்சம். போதும், போதும், வை.
பன்னிரண்டு.
நாற்பது.
எழுபத்தொன்று.

முதலில் குரல் வந்தது, பிறகு முகம்.
கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில்
இடியுடன் கூடிய மழை என்றாள் ஒருத்தி.
கணவனும் மனைவியும் ஒரே சன்னலில்
தலையை நீட்டி வானத்தைப் பார்த்தார்கள்.

"அந்தச் சாட்டிலைட்டு அங்கயே நிக்குமா?"
நிக்காதுங்க, ஓடுது. பூமி சுத்துற கணக்குக்கே ஓடுறதால
நமக்கு நிக்கிறாப்ல தெரியுது.
தஸ்தகீர் கொஞ்ச நேரம் யோசித்தார்.
"டயரே இல்லாம."

டீ கொதிக்கும்போது முதல் துளி.
தகரக் கூரை முழுக்கப் பிடித்துக்கொண்டது.
வானிலைக்காரி கட்டம் கட்டமாக உடைந்து
வாய் திறந்தபடி உறைந்தாள்.
சொன்ன மழை வந்து
சொன்னவளைக் கொண்டுபோயிற்று.
பழுதில்லை, பெருமழைக்கு இப்படித்தான் என்றேன்.
யாரும் கேட்கவில்லை.
நாலு டம்ளர், மூன்றுக்குத்தான் பால் இருந்தது.
வேலை திருப்தியாக முடிந்ததா என்ற கட்டத்தில்
நீல நிறத் திரையின் வெளிச்சத்தில்
கமருன்னிசா கையெழுத்துப் போட்டார்.

படிவம் சேலத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது,
முகவரி செல்லாது என்று.
அணைப் பக்கம் போனபோது தோப்பில் வண்டி இல்லை.
கல் இரண்டும் இருந்தன.

நேற்று இரவு போன்.
"அரூர்ல இருக்கோம். தட்டை எந்தப் பக்கம் திருப்ப?"
அதே பக்கம்தாம்மா. மரமில்லாத இடமாப் பாத்து நிறுத்துங்க.
"புளியமரம் இருக்கே."
பின்னால் தஸ்தகீர் ஏதோ சொன்னது கேட்டது,
அப்புறம் இருவரும் சிரித்தது.
போனை வைக்காமலே
எங்கேயோ வைத்துவிட்டார்கள்.